பாம்பன் கரையிலிருந்து ஒரு தாழ்வைப் பின்தொடர்வது எப்படி?

2024 நவம்பர் 20. அன்றைக்கு நம் கடலில் புயல் எதுவும் இல்லை. தாழ்வு மண்டலம்கூட இல்லை. கரையை ஒட்டி ஒரு வளிமண்டலச் சுழற்சி இருந்தது, அவ்வளவுதான். அன்றுதான் ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. பாம்பனில் காலை பதினொன்றரைக்கும் மதியம் இரண்டரைக்கும் இடையில் மட்டும் 19 சென்டிமீட்டர். ராமநாதபுரம் மாவட்டத்தின் ஒரு வருடச் சராசரி மழையே 82 சென்டிமீட்டர் சொச்சம்தான். அதில் பாதியைப் பெயரில்லாத ஒரு சுழற்சி ஒரே நாளில் ஒரு தீவின் தலையில் இறக்கிவிட்டுப் போனது.

அதற்கு நான்கு வருடம் முன்னால் இதற்கு நேர் எதிரானதைப் பார்த்தோம். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே இலங்கையில் ஏறி, மறுநாள் மன்னார் வளைகுடாவில் இறங்கியது. பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே கரையைக் கடக்கும் என்று அறிவித்திருந்தார்கள். அது கடக்கவில்லை. வலுவிழந்து ராமநாதபுரம் கரைக்குப் பக்கத்திலேயே மணிக்கணக்கில் அசையாமல் நின்று, அங்கேயே கலைந்தது. மையம் நம் வாசலில் நின்றபோது பெருமழை பெய்தது எங்கே? கொள்ளிடத்தில் 36 சென்டிமீட்டர், சிதம்பரத்தில் 34. நடராசர் கோயிலுக்குள் தண்ணீர் நின்றது. இங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே!

இந்த இரண்டு நாட்களையும் மனதில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கட்டுக்கோப்பாகச் சுழலும் பெரிய புயலைப் பின்தொடர்வது ஒரு வகையில் எளிது. கண் தெரியும், பாதை தெரியும், ஊரே விழித்திருக்கும். வலுவில்லாத, கலைந்து கிடக்கும் தாழ்வு அப்படி இல்லை. அதன் மையத்தைத் தேடிக்கொண்டே இருந்தால் மழையைத் தவறவிடுவீர்கள். நம் கரையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: காற்று இப்போது எந்தக் கடலில் இருந்து வருகிறது, வந்து எங்கே முட்டுகிறது? மற்றதெல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் வழிகள்.

முதல் படி: பெயர்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

'தாழ்வு' என்று செய்தியில் காதில் விழுந்ததுமே புயல் வருகிறது என்று பேச ஆரம்பித்துவிடுகிறோம். இந்திய வானிலை ஆய்வுத் துறை காற்றின் வேகத்தை வைத்துத்தான் பெயர் கொடுக்கிறது. காற்று மணிக்கு 31 கிலோமீட்டருக்குள் இருந்தால் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62ஐத் தொட்டால்தான் புயல், அப்போதுதான் அதற்குப் பெயர் வைப்பார்கள். இவை எல்லாவற்றுக்கும் கீழே இருப்பது வளிமண்டலச் சுழற்சி: அழுத்தம் பெரிதாகக் குறையாமல் காற்று மட்டும் வட்டம் போடுவது.

இந்த ஏணியை நம் ஊர் அளவுகோலில் வைத்துப் பாருங்கள். பழைய பாம்பன் ரயில் பாலம் இயங்கிய காலத்தில் காற்று 58 கிலோமீட்டரைத் தாண்டினால் அதில் ரயிலை நிறுத்திவிடுவார்கள். அதாவது ஆழ்ந்த தாழ்வு மண்டலம் என்ற நிலையிலேயே பாலம் மூடும் அளவுக்குக் காற்று வந்துவிடலாம், புயல் என்ற சொல்லுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்த ஏணியில் மழை என்ற சொல்லே கிடையாது. இதைப் புதியவர்கள் கவனிப்பதில்லை. மேலே ஏறினால் மழை கூடும், கீழே இறங்கினால் குறையும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பாம்பனில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டும் அப்படித்தான். 1ஆம் எண் என்றால் எங்கோ தொலைவில் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் இருக்கிறது. 3ஆம் எண் என்றால் துறைமுகத்துக்கே திடீர்க் காற்று வரக்கூடும். கூண்டு கப்பலுக்கும் படகுக்கும் காற்றைப் பற்றிச் சொல்கிற மொழி. உங்கள் தெருவில் தண்ணீர் நிற்குமா என்று அது சொல்லாது. 'கூண்டு ஏத்தலையே' என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

இரண்டாம் படி: படத்தின் தேதியைப் பாருங்கள்

இது சின்ன விஷயம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் வரும் செயற்கைக்கோள் சுழல் படங்களில் பாதி பழையவை, அல்லது வேறு கடலைச் சேர்ந்தவை. மூலையில் தேதியும் நேரமும் இருக்கும். அது பெரும்பாலும் உலக நேரத்தில் இருக்கும், ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொண்டால் நம் நேரம். தேதி இல்லாத படத்தைப் பார்க்கவும் வேண்டாம், அடுத்தவருக்கு அனுப்பவும் வேண்டாம்.

மூன்றாம் படி: மேகம் மையத்தோடு சேர்ந்து இருக்கிறதா?

இன்சாட் செயற்கைக்கோள்களின் படங்கள் வானிலைத் துறையின் இணையதளத்தில் அரை மணிக்கு ஒருமுறை கிடைக்கும். ஜூம் எர்த் மாதிரியான தளங்களிலும் பார்க்கலாம். ஒரே படத்தை முறைத்துப் பார்ப்பதில் பயன் இல்லை. குறைந்தது ஆறு மணி நேரப் படங்களை ஓடவிட்டுப் பாருங்கள்.

பார்க்க வேண்டியது இரண்டு. கீழே இருக்கும் சிறு மேகங்கள் எந்தப் புள்ளியைச் சுற்றி வளைகின்றன என்பது ஒன்று. அதுதான் மையம். பகல் நேரத்துப் படத்தில் இது நன்றாகத் தெரியும். உயரமான, அடர்ந்த வெள்ளை மேகக் கூட்டம் எங்கே நிற்கிறது என்பது இன்னொன்று. கட்டுக்கோப்பான புயலில் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கும். வலுவில்லாததில் மையம் ஓர் இடத்தில் வெறுமையாகக் கிடக்க, மேகம் நூறு, இருநூறு கிலோமீட்டர் தள்ளி நிற்கும்.

காரணம் இதுதான். கீழே காற்று ஒரு திசையில் போகும்போது, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் வேறு திசையில் வேகமாகப் போனால் மேகத் தூண் நிமிர்ந்து நிற்க முடியாது. அடுப்புப் புகை கூரைக்கு மேலே வந்ததும் சாய்வது மாதிரி சாய்ந்துவிடும். இலங்கையும் தன் பங்குக்குச் செய்யும். நடுவில் இரண்டாயிரத்து ஐந்நூறு மீட்டரைத் தாண்டும் மலைகள் இருக்கின்றன. கிழக்கிலிருந்து வரும் தாழ்வு அந்தத் தீவின் மேல் ஏறி இறங்கும்போது சுழற்சி கிழிந்துதான் நம் பக்கம் வருகிறது. மன்னார் வளைகுடாவில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் இப்படிக் கிழிந்த தாழ்வுதான்.

இரவுப் படத்தில் ஒரு சிக்கல் உண்டு. அது வெப்பத்தை வைத்து எடுக்கும் படம். மேகத்தின் உச்சி எவ்வளவு குளிராக இருக்கிறதோ அவ்வளவு வெள்ளையாகக் காட்டும். மழை பெய்து ஓய்ந்த பிறகு மேலே மிஞ்சிக் கிடக்கும் மெல்லிய ஏடும் குளிர்தான், அதுவும் பளீரென்று தெரியும். அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. புதிதாக முளைக்கும் மேகத்துக்கு ஓரம் கூர்மையாக இருக்கும், மணிக்கு மணி பெரிதாகும். மிஞ்சிய ஏட்டுக்கு ஓரம் நைந்து போயிருக்கும்.

நான்காம் படி: முதுகைக் காற்றுக்குக் கொடுங்கள்

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் என் பெரியப்பா. நாட்டுப்படகில் நாற்பது வருடம் போனவர். வடகிழக்குப் பருவக்காலத்தில் விடிந்ததும் கரைக்குப் போய், காற்று முதுகில் படும்படி திரும்பி நின்று, இடது கையை நீட்டுவார். "தாழ்வு அங்கதான் கெடக்கு" என்பார். பள்ளிக்கூடத்தில் படித்தபோதுதான் இது உலகம் முழுவதும் கடலோடிகள் பயன்படுத்தும் விதி என்று தெரிந்தது. பூமியின் நம் பாதியில் தாழ்வைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாக ஓடும். அதனால் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வு உங்கள் இடது கைப் பக்கம், சற்று முன்னால் தள்ளி இருக்கும்.

இதை நம் கரையின் காற்றுப் பெயர்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

காற்று வாடையாக, வடகிழக்கிலிருந்து வந்தால் தாழ்வு தென்கிழக்கே, இலங்கைப் பக்கம் இருக்கிறது. இன்னும் நம்மை நெருங்கவில்லை, ஆட்டம் தொடங்கவில்லை.

வாடை மெல்லத் திரும்பிக் கொண்டலாக, நேர் கிழக்கிலிருந்து வர ஆரம்பித்தால் தாழ்வு நமக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவிலோ குமரிக்கடலிலோ இருக்கிறது. நமக்கு மழை தரும் நிலை இதுதான். வங்கக் கடலின் ஈரம் பாக் நீரிணையைத் தாண்டி நேராகக் கரையில் வந்து முட்டும். இந்த நேரத்தில் தாழ்வு வலுவாக இருக்கிறதா இல்லையா என்பது இரண்டாம்பட்சம். கொண்டல் எத்தனை மணி நேரம் விடாமல் அடிக்கிறது என்பதுதான் கணக்கு.

காற்று கச்சானாக, மேற்கிலிருந்து வந்தால் தாழ்வு நமக்கு வடக்கே, வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் போய்விட்டது. நிலத்தைத் தாண்டி வரும் காற்றில் ஈரம் குறைவு. தொலைக்காட்சியில் 'தமிழகத்தை நெருங்கும் தாழ்வு மண்டலம்' என்று ஓடிக்கொண்டிருக்கும், இங்கே வெயில் அடிக்கும். "கச்சான் விழுந்துருச்சு, இனி மழை வடக்கதான்" என்று பெரியப்பா வலையைக் காயப்போடப் போய்விடுவார்.

தெற்கிலிருந்து, சோழகமாக வந்தால் தாழ்வு நம்மைக் கடந்து கேரளப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. மன்னார் வளைகுடாவின் ஈரம் இன்னும் ஒரு நாள் சிறு மழை தரலாம்.

ஒரு எச்சரிக்கை. வலுவில்லாத தாழ்வில் காற்றும் மெலிந்தே இருக்கும். அதிகாலையில் நிலக்காற்றும், மதியத்துக்கு மேல் கடற்காற்றும் உங்களைக் குழப்பும். காலை எட்டு, ஒன்பது மணிக்கு, வீடு மரம் மறைக்காத திறந்த கரையில் நின்று பாருங்கள். அதைவிட நல்லது, தாழ்வாக ஓடும் மேகத் துணுக்குகளைப் பார்ப்பது. மின்கம்பத்தின் நுனியையோ பள்ளிவாசல் மினாரையோ குறியாக வைத்துக்கொண்டு, மேகம் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று ஐந்து நிமிடம் கவனியுங்கள். தரைக்காற்று பொய் சொன்னாலும் அந்த மேகம் உண்மையைச் சொல்லும்.

இரண்டு கடல் இருப்பதால் நம் மாவட்டத்தில் இன்னொரு கணக்கும் சேர்கிறது. தொண்டியும் தேவிபட்டினமும் பாக் நீரிணையைப் பார்த்து நிற்கின்றன. கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் எல்லாம் தெற்கே மன்னார் வளைகுடாவைப் பார்க்கின்றன. வாடை அடித்தால் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் கரையோரம் அடங்கிக் கிடக்கும். அதனால்தான் அந்தப் பருவத்தில் படகுகள் பாலத்தைத் தாண்டித் தெற்கே வருகின்றன. தென்கிழக்குக் காற்று என்றால் கதை தலைகீழ். ராமேஸ்வரம் தீவுக்கு மட்டும் இரண்டு பக்கமும் கடல், எந்தக் கடல்காற்று வந்தாலும் அங்கே ஈரம்தான். கமுதியும் பரமக்குடியும் உள்ளே இருக்கின்றன, தீவில் கொட்டுவது அங்கே எட்டாமலே போகலாம். 'ராமநாதபுரம் மாவட்டத்தில் கனமழை' என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு இவ்வளவு ஊர்களுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது.

ஐந்தாம் படி: ரேடார் எதைக் காட்டாது?

நம் பக்கத்து மழையைப் பார்க்க நான் திறப்பது காரைக்கால் ரேடார். அங்கிருந்து ராமேஸ்வரம் ஏறக்குறைய 190 கிலோமீட்டர். ரேடார் கதிர் சற்று மேல்நோக்கி நேராகப் போகும், பூமியோ வளைந்து கீழே இறங்கும். அதனால் நம் தலைக்கு மேல் வரும்போது கதிர் மூன்றரை, நான்கு கிலோமீட்டர் உயரத்தில் போய்க்கொண்டிருக்கும். அதற்குக் கீழே நடப்பது அதற்குத் தெரியாது. கடலிலிருந்து வரும் குட்டை மேகங்கள் அந்த உயரத்தைத் தொடாமலே நன்றாகப் பெய்துவிட்டுப் போகும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு மார்கழியில் பக்கத்து வீட்டுச் சித்தி நெத்திலிக் கருவாட்டைக் கரையில் காயப்போட்டிருந்தார். "தம்பி, எடுத்துரணுமா?" என்று கேட்டார். ரேடாரில் ஒன்றுமே இல்லை, அதைப் பார்த்துவிட்டு "இருக்கட்டும் சித்தி" என்றேன். முக்கால் மணி நேரத்தில் தென்கடல் பக்கமிருந்து ஒரு சாரல் வந்து மொத்தத்தையும் நனைத்தது. அது அவருடைய ஒரு வாரத்து உழைப்பு. அன்றிலிருந்து ரேடார் வெறுமையாக இருந்தால் 'மழை இல்லை' என்று நான் சொல்வதில்லை. ரேடாரில் தெரிந்தால் மழை உண்டு, தெரியாவிட்டால் வானத்தைப் பார்.

ரேடாரில் நிறம் தெரியும்போது அது எவ்வளவு சிவப்பு என்பதைவிட நகர்கிறதா என்று பாருங்கள். வேகமாக ஓடும் சிவப்பு பத்து நிமிடம் அடித்துவிட்டுப் போகும். அதே இடத்தில் நிற்கும் மஞ்சள்தான் ஆபத்து. அதைவிட ஆபத்து, ஒரு மேகம் பெய்து நகர நகர, அதன் பின்னாலேயே அதே கடல் பகுதியில் அடுத்தது முளைத்து, அதே வழியில் வருவது. ரயில் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தண்டவாளத்தில் வருவது போல. பாம்பனில் மூன்று மணி நேரத்தில் 19 சென்டிமீட்டர் போன்ற அளவெல்லாம் ஒரு மேகம் வந்து கொட்டிவிட்டுப் போவதால் வருவதில்லை. மூன்று படங்களில் அடுத்தடுத்து ஒரே இடத்தில் புது மேகம் முளைத்தால் உடனே எழுந்து வேலையைப் பாருங்கள்.

ஆறாம் படி: மாடல்களிடம் எவ்வளவு கேட்கலாம்?

மாடல் என்பது வானிலையைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் கணிப்பு. விண்டி செயலியில் ஐரோப்பிய மாடலும் அமெரிக்க மாடலும் கிடைக்கின்றன. இலவசம், அழகு, கையடக்கம். ஆனால் ஏழெட்டு நாளுக்கு அப்பால் அவை வரையும் தாழ்வைப் பார்த்து யாரையும் எச்சரிக்காதீர்கள். வலுவான புயலின் பாதையை மூன்று நாள் முன்னால் ஓரளவு நன்றாகவே கணிக்கிறார்கள். கலைந்து கிடக்கும் தாழ்வில் மையம் எது என்பதே தெளிவில்லை, தொடக்கப் புள்ளி ஐம்பது கிலோமீட்டர் தள்ளினால் மழை விழும் இடமும் தள்ளிவிடும்.

நான் செய்வது இது. காலை ஐந்தரை நிலவரத்தை வைத்து ஓடும் கணிப்பு மதியத்துக்கு மேல் கைக்கு வரும். அதை முந்தைய நாள் கணிப்போடு ஒப்பிடுவேன். மழை விழும் இடம் இரண்டு நாளாக அதே பக்கம் நின்றால் நம்பிக்கை கூடும். ஒரு நாள் தொண்டி, ஒரு நாள் தூத்துக்குடி, ஒரு நாள் நாகை என்று தாவினால், 'தென்கடலோரத்தில் எங்கோ பெருமழை இருக்கிறது, எங்கே என்று இன்னும் முடிவாகவில்லை' என்று மட்டும் எடுத்துக்கொள்வேன். மாடல் காட்டும் சென்டிமீட்டர் எண்ணை நான் வெளியே சொல்வதே இல்லை. அதைவிடப் பயனுள்ளது செயலியில் காற்றைக் காட்டும் அடுக்கு. நம் கரையில் கொண்டல் எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும், எத்தனை மணிக்குத் திரும்பும் என்று பாருங்கள். மாடல்கள் மழையைவிடக் காற்றை நன்றாகச் சொல்கின்றன.

ஏழாம் படி: அறிக்கையை வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள்

சென்னை மண்டல வானிலை மையம் தமிழிலேயே அறிக்கை தருகிறது. அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் அளவு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 'ஓரிரு இடங்களில்' என்றால் மழைமானி வைத்திருக்கும் இடங்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போகாது. 'ஒருசில இடங்களில்' என்றால் பாதி வரை. பாதிக்கு மேல் போனால்தான் 'அநேக', 'பெரும்பாலான' என்ற சொற்கள் வரும். அதேபோல் கனமழை என்றால் 7 முதல் 11 சென்டிமீட்டர், மிக கனமழை 12 முதல் 20, அதி கனமழை அதற்கும் மேல். கணக்கு காலை எட்டரையிலிருந்து மறுநாள் காலை எட்டரை வரை.

ஆக, 'ராமநாதபுரத்தில் ஓரிரு இடங்களில் மிக கனமழை' என்று வந்தால் மாவட்டம் முழுக்க லேசான தூறல், ஏதோ ஒரு மூலையில் 15 சென்டிமீட்டர் என்றுகூட நடக்கலாம். உங்கள் ஊர் நனையாமல் போனால் அறிக்கை பொய்யாகிவிடாது. அந்த ஓரிரு இடம் உங்கள் ஊராகவும் இருக்கலாம் என்று ஆயத்தமாக இருப்பதுதான் அதைப் படிக்கும் முறை.

கடலுக்குப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் வேறு. மேலே சொன்னதெல்லாம் கரையில் இருப்பவருக்கு. கடலுக்குப் போக மீன்வளத் துறை அனுமதி டோக்கன் கொடுக்கவில்லை என்றால் அதோடு பேச்சு முடிந்தது. காற்றுத் திசை சாதகமாக இருக்கிறது, செயலியில் பச்சையாக இருக்கிறது என்று சொல்லிப் படகை எடுக்காதீர்கள். தாழ்வு எவ்வளவு மெலிந்ததாக இருந்தாலும் அதன் மேகக் கூட்டத்துக்குள் சில நிமிடங்களுக்கு அடிக்கும் சூறைக்காற்று வத்தை என்கிற சிறு படகைக் கவிழ்க்கப் போதும்.

எட்டாம் படி: வீட்டிலேயே இரண்டு அளவுகள்

ஒன்று அழுத்தம். சில கைபேசிகளில் அழுத்தமானி உள்ளேயே இருக்கிறது, அதைக் காட்ட இலவசச் செயலிகள் உண்டு. புதியவர்கள் இங்கே ஒரு தவறு செய்வார்கள். காலை பத்து மணிக்குப் பார்த்துவிட்டு, மாலை நாலு மணிக்கு மூன்று மில்லிபார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) குறைந்ததும் தாழ்வு வந்துவிட்டது என்று பதறுவார்கள். நம் பகுதியில் அழுத்தம் தினமும் கடல் ஏறி வற்றுவது போல ஏறி இறங்கும். காலை பத்து, இரவு பத்துக்கு உச்சம். அதிகாலை நாலு, மாலை நாலுக்கு மிகக் குறைவு. அதனால் நேற்று இதே மணிக்கு என்ன இருந்தது என்றுதான் ஒப்பிட வேண்டும். 24 மணி நேரத்தில் இரண்டு, மூன்று மில்லிபார் குறைந்திருந்தால் உண்மையிலேயே ஏதோ நெருங்குகிறது.

இன்னொன்று மழை. அடியும் வாயும் ஒரே அகலமாக, நேராக இருக்கும் எவர்சில்வர் பாத்திரம் ஒன்று போதும். மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரிலிருந்து தள்ளி, காற்றில் உருளாதபடி இரண்டு செங்கல்லுக்கு நடுவே வையுங்கள். பள்ளி ஸ்கேலை நட்டால் உள்ளே நிற்கும் தண்ணீரின் உயரம்தான் மழை அளவு. காலை எட்டரைக்கு அளந்து கொட்டிவிடுங்கள். கனமாகப் பெய்யும்போது மணிக்கு ஒருமுறையும் பாருங்கள். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் ஏறக்குறைய 930 லிட்டர். பாம்பனில் அன்று மூன்று மணி நேரத்தில் பெய்தது, அப்படி ஒரு மாடிக்குப் பதினேழாயிரம் லிட்டருக்கு மேல். பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் நிலம் தட்டை. அவ்வளவு தண்ணீருக்கும் ஓட இடம் வேண்டும்.

எப்போது போனைக் கீழே வைக்க வேண்டும்?

என் கணக்கில், பாத்திரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் ஏறி, காற்றும் கிழக்கிலிருந்து மாறாமல் இருந்தால் அதற்கு மேல் படம் பார்க்கக் கூடாது. தரையில் இருக்கும் ஃபிரிட்ஜ், மோட்டார் இணைப்புகளைப் பிடுங்குங்கள். அரிசி மூட்டையையும் சான்றிதழ்களையும் மேலே ஏற்றுங்கள். பள்ளத்தில் குடிசை போட்டிருப்பவர்களை, நடக்க முடியாத முதியவர்களைப் போய் முதலில் பாருங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070. தண்ணீர் முழங்காலுக்கு வந்த பிறகு கூப்பிடுவதைவிட, கணுக்காலில் இருக்கும்போது கூப்பிட்டால் உதவி வந்து சேரும்.

இரவு என்றால் இன்னும் முன்னெச்சரிக்கை தேவை. வடகிழக்குப் பருவத்தில் கடலோர மழை பின்னிரவிலும் விடியலிலும் வலுப்பது வழக்கம். நிலத்திலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்றும் கடலிலிருந்து வரும் வாடையும் கரையோரத்தில் மோதுவதே காரணம். கொண்டல் அடிக்கும் இரவில் மூன்று மணிக்கு ஒரு அலாரம் வையுங்கள்.

மழை நமக்குப் பயம் மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மிளகாய்க்கும் மானாவாரி நெல்லுக்கும் இந்த மூன்று மாதத்தை விட்டால் வேறு வழி இல்லாத மாவட்டம் இது. வலுவில்லாத தாழ்வு இரண்டு வந்து நின்று பெய்தால்தான் ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய் மாதிரி பெரிய கண்மாய்கள் நிறைகின்றன. அதனால் எச்சரிக்கும்போது ஊரைப் பயமுறுத்தும் குரலில் எச்சரிக்காதீர்கள். விதைப்புக்குக் காத்திருக்கும் விவசாயிக்கும் உப்பளத்தில் வேலை செய்பவருக்கும் ஒரே செய்தி இரண்டு விதமாகக் கேட்கும். இடம், நேரம், காற்றுத் திசை, இந்த மூன்றை மட்டும் சொன்னால் அவரவருக்கு வேண்டியதை அவரவர் எடுத்துக்கொள்வார்.

தாழ்வு போன பிறகும் இரண்டு நாள்

'வலுவிழந்தது' என்று செய்தி வந்ததும் எல்லாரும் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல், உள்நாட்டில் வலுவிழந்து நகர்ந்தபோதுதான் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் பெய்தது. கடலே இல்லாத ஊர். வலுவிழப்பது காற்று மட்டும்தான், ஈரம் அப்படியே இருக்கும்.

நமக்கு இதில் இன்னொரு பக்கம் உண்டு. மன்னார் வளைகுடாவைத் தாண்டி மேற்கே போகும் தாழ்வு தேனி மலைகளில் கொட்டினால், அந்தத் தண்ணீர் வைகை அணைக்கு வரும். அணையின் முழு உயரம் 71 அடி. நிறையும் நிலையில் திறந்துவிட்டால் மதுரை, பரமக்குடி வழியாகச் சில நாளில் நம் கண்மாய்களை எட்டும். இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே கரை உடைவது இதனால்தான். கமுதி, முதுகுளத்தூர் பக்கம் இருப்பவர்கள் குண்டாற்றில் என்ன வருகிறது என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ராமநாதபுரம் பக்கம் இருப்பவர்கள் தாழ்வு போய் மூன்று நாள் வரை அணை மட்டத்தைத் தினமும் ஒருமுறை பாருங்கள்.

அப்புறம், ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தேதி, காலை எட்டரை மழை அளவு, அழுத்தம், காற்று எந்தப் பக்கம், கொண்டல் கச்சானாகத் திரும்பியது எத்தனை மணிக்கு. ஒரு நாளைக்கு ஒரு வரி போதும். நான் புரெவி நின்ற அந்த இரண்டு நாளைக்கு நாலே வரிதான் எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஐப்பசியிலும் முதல் வேலையாக அந்தப் பக்கத்தைத்தான் எடுத்துப் பார்க்கிறேன்.